வாகைக்குளத்திலிருந்து பலாலிக்கு 254 கிலோமீட்டர்

வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் பலாலியில் இருக்கிற யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் 254 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து காரில் திருச்சி போனால் அதுகூட இதைவிட அதிக தூரம். ஆனால் வாகைக்குளத்தில் விமானம் ஏறிப் பலாலியில் இறங்க ஆசைப்படுகிறவர் முதலில் வடக்கே 527 கிலோமீட்டர் பறந்து சென்னை மீனம்பாக்கம் போக வேண்டும். அங்கே பெட்டியை எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, திரும்பத் தெற்கே 354 கிலோமீட்டர் பறக்க வேண்டும். கூட்டினால் 881. மூன்றரை மடங்கு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இவ்வளவு கச்சிதமான கணக்கு வேறு எங்கும் கிடைக்காது.

இரண்டுமே ஓரத்து விமான நிலையங்கள். ஒன்று இந்தியாவின் தென்கோடி, இன்னொன்று இலங்கையின் வடகோடி. டெல்லியிலிருந்து பார்த்தால் வாகைக்குளம் எங்கோ இருக்கிறது, கொழும்பிலிருந்து பார்த்தால் பலாலி எங்கோ இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். இந்தப் பதிவு முழுக்க அந்தச் சிக்கலைப் பற்றித்தான்.

முதலில் 254 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள். வாகைக்குளம் அட்சரேகை 8.72, தீர்க்கரேகை 78.03. பலாலி 9.79, 80.07. வடக்குத் தெற்கு வித்தியாசம் 1.07 பாகை. ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர் வைத்தால் 118. கிழக்கு மேற்கு வித்தியாசம் 2.04 பாகை. இந்த அட்சரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகை கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், ஆக 225 சொச்சம். மற்றது பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்: 118-இன் வர்க்கம், 225-இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 254.

பூமி உருண்டையாச்சே, தட்டைத்தாள் கணக்கு செல்லுமா என்றால், நமக்குச் செல்லும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சின்னத் தூரத்தில், வளைவால் வரும் வித்தியாசம் கண்டுகொள்ளும் அளவுக்கு இல்லை. நார்வேயில் ஆஸ்லோ பக்கம் போனால் ஒரு பாகை தீர்க்கரேகை 56 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அங்கே 110 போட்டுப் பெருக்கினால் ஊரே மாறிப்போகும். விமானிகள் இதையெல்லாம் கடல் மைலில் பேசுகிறார்கள், கப்பல்காரர்களிடம் வாங்கிய பழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அதாவது அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் வாகைக்குளம் பலாலி 137 கடல் மைல்.

இந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்த்தால் கிடைக்கிற ஊர்களின் பெயர்கள்தான் என்னை இதை எழுத வைத்தன. வாகைக்குளத்தில் கிளம்பி வடகிழக்கே போகிற கோடு முதலில் தூத்துக்குடி ஊர்மேலேயே போகிறது. உப்பளங்களைத் தாண்டினால் கடல். கரையை விட்டதும் வான்தீவு. மன்னார் வளைகுடாத் தீவுகளில் அலை அரித்து அரித்துச் சுருங்கிப்போன தீவு அது. செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்கி அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் இடது கைப்பக்கம் வேம்பார், வாலிநோக்கம், கீழக்கரை என்று கரை கூடவே வரும். கீழக்கரைக்கு நேரே கோடு பன்னிரண்டு கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது. மறுபடி கரையைத் தொடுகிற இடம் மண்டபம். பாதி வழி அதோடு முடிகிறது. வலது பக்க ஜன்னலில் பாம்பன் பாலம். அதற்குப் பிறகு பாக் நீரிணை. கச்சத்தீவு வலது பக்கம், பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி. கொஞ்ச நேரத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, இரண்டும் வலது பக்கம்தான். ஊர்காவற்றுறைக்கு மேலே போய், யாழ்ப்பாணப் பட்டினத்தைத் தெற்கே விட்டுவிட்டுப் பலாலி.

இந்தப் பட்டியலில் மண்டபம் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளைத் தொற்றுநோய்க்காக நிறுத்தி வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அங்கேதான் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். 1983-க்குப் பிறகு எதிர்த்திசையிலிருந்து படகில் வந்தவர்களுக்கு அதே இடம் அகதி முகாம் ஆனது. மண்டபத்துக்கு முன்னால் தூத்துக்குடி வழியாக ஆள் போன காலத்தில் தட்டப்பாறையிலும் இதேபோல் ஒரு முகாம் இருந்தது. தட்டப்பாறை எங்கே இருக்கிறது? வாகைக்குளத்துக்குப் பக்கத்தில். இப்போது விமான ஓடுபாதை இருக்கிற சுற்றுவட்டாரத்தில்தான் நூறு வருஷத்துக்கு முன் கண்டிக்கும் மாத்தளைக்கும் போகிறவர்களை வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, தூரம் ஆயிற்று. நேரம்?

இந்தத் தூரத்துக்கு ஏற்ற விமானம் ஏடிஆர் 72. இரண்டு புரொப்பெல்லர் வைத்தது, எழுபதிலிருந்து எண்பது பேர் வரை உட்காரலாம். எங்கள் ஊருக்குப் பல வருஷமாக வந்து போகிறதும் அதுதான், யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து போவதும் அதுதான். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 254-ஐ வகுத்தால் அரை மணி நேரம் என்று வரும். அந்த அரை மணி நேரம் காகிதத்தில் மட்டும்தான் உண்டு. விமானம் வாயிலை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்குப் போகவே பத்து நிமிஷம். மேலே ஏறும்போது முழு வேகம் இருக்காது, இறங்கும்போதும் இருக்காது. ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிச் சமமாகப் பறக்கிற நேரம் இந்தப் பயணத்தில் கால்மணி நேரம் வந்தால் அதிகம். காற்றில் 40, 45 நிமிஷம். விமானக் கம்பெனி அட்டவணையில் போடுவது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். 354 கிலோமீட்டர் இருக்கிற சென்னை யாழ்ப்பாணத்துக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்றால், நூறு கிலோமீட்டர் குறைந்ததால் மிச்சமாவது வெறும் பத்துப் பதினைந்து நிமிஷம். ஆட்டோவில் அரை கிலோமீட்டர் போனாலும் மினிமம் சார்ஜ் உண்டு அல்லவா, அதுமாதிரி விமானத்துக்கும் ஒரு மினிமம் நேரம் இருக்கிறது.

அந்த மினிமத்தை உடைக்கிற ஒரே ஆசாமிகள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இருக்கிறார்கள். வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கிலோமீட்டர். அட்டவணையிலேயே இரண்டு நிமிஷம்தான். எட்டுப் பத்துப் பேர் உட்காருகிற குட்டி விமானம், ஏறினதும் இறங்க வேண்டியதுதான். உலகத்திலேயே சின்ன விமானச் சேவை அதுதான் என்கிறார்கள். இவ்வளவு சின்னத் தீவுகளுக்கு இது எப்படி நடக்கிறது என்றால், அங்கே குடியிருக்கிறவர்களுக்கு இது பஸ் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டு காசு கொடுக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

காற்று? ஆடி மாசம் தூத்துக்குடியில் சைக்கிள் மிதித்தவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். தெற்கிலிருந்து சோளகம் அடிக்கிற மாதங்களில் வடகிழக்கே போகும் விமானத்துக்குக் கொஞ்சம் தள்ளுகாற்று, திரும்பி வரும்போது எதிர்காற்று. கார்த்திகை மார்கழியில் வாடை, கதை மாறும். ஆனால் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் காற்று ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறதை என்ன செய்துவிடும், மூன்று நான்கு நிமிஷம் முன்னே பின்னே. இறங்கும்போது குறுக்குக்காற்று ஆட்டும், அது வேறு விஷயம்.

இதே கடலில் காற்றுதான் தூரமாக இருந்த காலமும் உண்டு. முத்துக்குளிப்பு நடந்தபோது படகுகள் நடுராத்திரி வாக்கில் கரைக்காற்றைப் பிடித்துக்கொண்டு முத்துச்சிப்பி இருக்கிற பாருக்குக் கிளம்பும். விடியும்போது பாரில் இருக்க வேண்டும். உச்சிவரைக்கும் மூழ்குவார்கள், பிறகு கடற்காற்று எழும்பினதும் பாயை விரித்துக் கரை திரும்புவார்கள். அவர்களுக்குப் பார் எத்தனை மைல் என்பது முக்கியமில்லை, போகிற காற்றில் போய் வருகிற காற்றில் வந்துவிடலாமா என்பதுதான் கணக்கு. ஆழத்துக்கு மட்டும் அளவு உண்டு, பாகம் என்பார்கள், இரண்டு கையையும் விரித்த நீளம். எட்டுப் பாகம், பத்துப் பாகம் என்று கயிறு இறங்கும்.

எங்கள் பக்கத்துக் குளியாட்களுக்கு இலங்கை வெளிநாடாகவே இருந்ததில்லை. மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிப் பார்களில் குளிப்பு என்று அறிவித்தால் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் படகு படகாகப் போனார்கள். 1905-இல் அங்கே நடந்ததில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. அந்த வருஷம் அந்த மணல்காட்டில் ஒரு நகரமே முளைத்து, குளிப்பு முடிந்ததும் கலைந்து போனது. அடுத்த வருஷமே லண்டனில் இருந்த ஒரு கம்பெனி பார்களைக் குத்தகைக்கு எடுத்தது, சிப்பி படுத்துவிட்டது. முத்துக்கும் விமானச் சேவைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: நல்ல ஒரு வருஷத்தைப் பார்த்து எல்லாரும் முதல் போடுவார்கள். இந்தியப் பக்கம் கடைசியாகப் பெரிய குளிப்பு நடந்தது 1961-இல்.

கப்பல் கதைக்கு வருவோம், தூத்துக்குடிக்காரன் அதைத் தொடாமல் இருக்க முடியாது. 1870-களில் ரயில் வந்த பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற ராஜபாட்டையே எங்கள் ஊர் வழியாகத்தான். எழும்பூரில் ஏறினால் கிட்டத்தட்ட 22 மணி நேரத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து ஒரு ராத்திரி கப்பல். காலையில் கொழும்பு. கடலில் 150 கடல் மைல் சொச்சம். இந்தத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான் ஏகபோகமாக ஓட்டிக்கொண்டிருந்தது. 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அதற்கடுத்து நடந்ததை இப்போதைய விமானக் கம்பெனிக்காரர்கள் படித்தால் வெட்கப்படுவார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. கடைசியில் வெள்ளைக்காரன் சும்மாவே ஏற்றிக்கொண்டு போய், கையில் ஒரு குடையும் கொடுத்தான் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவர் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோதே கம்பெனி கலைந்தது, காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்காரன் கைக்கே போனது. குறைந்த கட்டணத்தில் ஓட்டி எதிராளியை ஒழித்துக்கட்டுவதை விமானத் துறை கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால் வ.உ.சி. துறைமுகத்துக்கு வழி சொல்லுங்கள்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில் போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஆனதும் போட் மெயில் என்ற அந்த ரயில்-கப்பல் சேவை எங்கள் ஊரை விட்டுப் போய்விட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போனது. இங்கே ஒரு விஷயம். பாதை மாறினது தூரம் குறைந்ததால்தான். தலைமன்னார் தடத்தில் கடல் இருபது மைல் சொச்சம்தான். தூரத்தை வைத்து வழியைத் தீர்மானித்தார்கள், அது நியாயம். நாங்கள் தோற்றோம், ஆனால் கணக்கில் தோற்றோம்.

விமானம் வந்த பிறகுதான் இந்த நியாயம் மறைந்துபோனது. ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பு இரத்மலானையிலிருந்து சென்னைக்கு விட்டது. வழியில் காங்கேசன்துறையில் இறங்கிப் போனது. டகோட்டா விமானம், பெயர் சீதாதேவி. காங்கேசன்துறை என்று அவர்கள் சொன்னது இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட பலாலி ஓடுபாதையைத்தான். அதாவது இலங்கையின் முதல் வெளிநாட்டு விமானமே யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டுதான் இந்தியா வந்தது. பிறகு யுத்தம். பலாலி ராணுவத் தளமாக இறுகிப்போனது, சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையம் என்று பெயர் சூட்டித் திறந்தார்கள், சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நாலு மாசம் போல ஓடியது, கொரோனா வந்து நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து தொடங்கியது, 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும்.

திருச்சி யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 184 கிலோமீட்டர்தான். எங்களைவிடக் கிட்டம். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், வரவில்லை.

வாகைக்குளத்தின் கதை வேறு மாதிரி. 1992-இல் திறந்தார்கள். நடுவில் வருஷக்கணக்கில் விமானமே வராமல் கிடந்தது. 2006-இல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் ஊர் நிமிர்ந்து பார்த்தது. 1,350 மீட்டர் ஓடுபாதை, ஏடிஆர் மட்டும் இறங்கலாம். இப்போது ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது, ஏர்பஸ் 321 வரை இறங்கலாம், ராத்திரியும் இறங்கலாம். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் வந்து புது முனையத்தைத் திறந்து வைத்தார். 17,340 சதுர மீட்டர், செலவு 450 கோடிச் சொச்சம், வருஷத்துக்கு 20 லட்சம் பேரைத் தாங்கும் என்கிறார்கள். பழைய முனையத்தில் ஒரு ஏடிஆர் கூட்டம் இறங்கினாலே பெட்டி எடுக்கிற இடத்தில் முழங்கை முழங்கையாக இடிக்கும். இப்போது பேச்சு எதிரொலிக்கிற அளவுக்கு இடம். இவ்வளவு கட்டிவிட்டு மொத்த விமானமும் வடக்கே பார்த்தே கிளம்பினால் எப்படி?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மக்கள் கொழும்பில், அக்கா மருமகன் யாழ்ப்பாணத்தில். புது முனையம் திறந்த அன்றைக்கு அவர் கேட்டது: "ஏல, இவ்வளவு பெருசா கட்டியிருக்காவளே, இதுல எந்தக் கதவுல ஏறுனா கொழும்புக்குப் போவலாம்?" எந்தக் கதவிலும் முடியாது அண்ணாச்சி. மதுரைக்கு 150 கிலோமீட்டர் காரில் போய் அங்கிருந்து ஏற வேண்டும். வாகைக்குளத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கா 267 கிலோமீட்டர், மதுரையிலிருந்து 354. தூரமாகிற திசையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கார் ஓட்டிவிட்டுத் திரும்பி நம் ஊரைத் தாண்டிப் பறக்கிற வித்தை அது.

இத்தனைக்கும் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேர்வழி இல்லாமல் இல்லை. தினசரி இருக்கிறது, பெட்டிகளுக்கு. வ.உ.சி. துறைமுகத்தில் ஏற்றுகிற கன்டெய்னர்களில் நிறைய, சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய தாய்க்கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. திருப்பூர் பனியன், சிவகாசி அச்சு, எங்கள் உப்பு, கருவாடு எல்லாம் எந்த வம்பும் இல்லாமல் ஒரே ராத்திரியில் மன்னார் வளைகுடாவைக் கடக்கின்றன. மனிதன் மட்டும் சென்னைக்குப் போய் வர வேண்டும்.

ராக்கெட் இன்னும் சுவாரசியம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவுகிற ராக்கெட் நேரே தெற்கே போக முடியாது, இலங்கை குறுக்கே இருக்கிறது. கழன்று விழுகிற பாகம் எதுவும் ஆள் இருக்கிற ஊரில் விழக்கூடாது என்பதால் கிழக்கே ஒதுங்கிப் போய் வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு, சின்ன ராக்கெட்டுக்குத் தாங்காது. அதனால்தான் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல். சுற்றுவழி நஷ்டம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னதும் அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவழித்து நேர்வழி ஏற்படுத்திக் கொடுக்கிறது. 881 கிலோமீட்டர் சுற்றிப் போகிற ஆட்களுக்கு எரிபொருள் செலவாகவில்லையா?

இவ்வளவும் எழுதிவிட்டு நியாயமாக மறுபக்கத்தையும் பேச வேண்டும். சுங்கமும் குடியேற்ற அதிகாரிகளும் இல்லாத விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பறக்க முடியாது. அந்த அறிவிப்பு மத்திய அரசிடமிருந்து வர வேண்டும். இரண்டு நாடுகளும் எந்தெந்த ஊர்களுக்கு இடையே பறக்கலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன, அதில் இடம் வேண்டும். இதெல்லாம் கையெழுத்து விவகாரம், மனசு வைத்தால் நடக்கும். கையெழுத்தால் தீராதது ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு எத்தனை பேர் ஏறுவார்கள்?

இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடி ஒரு தடவை பதில் சொல்லிப் பார்த்துவிட்டது. 2011 ஜூன் 13 அன்று ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. ஆயிரத்துக்கு மேல் ஆள் ஏற்றலாம். ஊரே துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தது. பார்க்கப் போனவர்களில் பாதிப்பேர் ஏறியிருந்தால் கப்பல் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டம் இல்லை, செலவு கட்டுப்படியாகவில்லை, அந்த வருஷம் நவம்பரிலேயே நின்றுபோனது. இந்தத் தடத்தைப் பற்றிக் கனவு காண்கிற எல்லாரும், நான் உள்பட, இதை விழுங்கித்தான் பேச வேண்டும். ஆயிரம் பேர் கப்பலை முதல் நாளிலேயே விட்டது தப்பு என்பது என் எண்ணம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் விட்ட கப்பல் சின்னது. நின்றது, பிறகு வேறு கப்பலாக 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சின்னதாக இருந்தால் நின்றாலும் எழுந்து நடக்கலாம்.

அதனால் எனக்குத் தினசரி விமானம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு ஏடிஆர், வாகைக்குளத்திலிருந்து பலாலி. வாரத்துக்கு ஒரு பக்கம் நூற்றைம்பது பேர் வேண்டும். யார் போவார்கள்? இரண்டு கரையிலும் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி அங்கிருந்து ஆள் வரும், மடுத்திருவிழாவுக்கு இங்கிருந்து போகும். நல்லூர்த் திருவிழா, திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் தென்பாண்டிக் கோவில்களுக்கு வர இதைவிடக் கிட்டமான வாசல் இல்லை. நெல்லை, நாகர்கோவில்காரர்களுக்கும் வாகைக்குளம்தான் வசதி. இவ்வளவும் சேர்ந்தாலும் முதல் வருஷம் இருக்கை நிறையாது. அங்கேதான் அந்த ஆர்க்னித் தீவுக் கணக்கு வருகிறது. உள்நாட்டுச் சின்ன ஊர்களுக்கு உடான் திட்டத்தில் விமானக் கம்பெனியின் நஷ்டத்துக்கு அரசாங்கம் ஈடு கொடுக்கிறது. 2017-லிருந்து அப்படித்தான் பல ஊர்களுக்கு விமானம் போகிறது. கடல் தாண்டின 254 கிலோமீட்டருக்கும் இரண்டு வருஷம் அப்படிக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஆள் ஏறவில்லை என்றால் நானே இங்கே வந்து மூடுங்கள் என்று எழுதுகிறேன்.

மாலத்தீவைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்த நண்பருக்கு ஒரு வரி: வாகைக்குளம் மாலே 706 கிலோமீட்டர், ஏடிஆர் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடும். எங்கள் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு காலகாலமாகப் போகிற தடம்தான், 2020 செப்டம்பரில் நேரடிச் சரக்குக் கப்பலும் விட்டார்கள். ஆனால் அங்கே போக நினைக்கிற நம்மவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டமாக இருக்கிறது, அதற்காக நான் கொடி பிடிக்கப் போவதில்லை.

இப்போதைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு நடைமுறை யோசனை. விமானத்தில் சென்னை போய் மாறுவதானால் இரண்டு விமானத்துக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதலாவது தாமதமானாலும் இரண்டாவது உங்களுக்காக நிற்காது. என்னைக் கேட்டால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, எழும்பூரில் காலை டிபனை முடித்துக்கொண்டு மீனம்பாக்கம் போவது நிம்மதி. திருச்சி விமானம் ஓடுகிற நாளாக இருந்தால் அதைவிட நல்லது, விடிவதற்குள் காரில் கிளம்பிவிட வேண்டும். பெட்டிக்குள் தூத்துக்குடி மக்ரூன் வைக்கிறவர்கள் தகர டப்பாவில் வையுங்கள், காகிதப் பெட்டி யாழ்ப்பாணம் போவதற்குள் மாவாகிவிடுகிறது.